தூணடியில் நிற்கும் சிறு மனிதர்

ரோம் நகரின் இடிபாடுகளை வைத்து ஹெர்மன் போஸ்துமுஸ் என்ற ஓவியர் 1536இல் ஒரு படம் வரைந்தார். லீக்டன்ஸ்டைன் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கும் அந்தப் படத்தில் கண் போன இடமெல்லாம் சிதிலம்: கைகால் இழந்த சிலைகள், மண்ணில் சாய்ந்த தூண்கள், செடி முளைத்த கமான்கள். காலம் எதையும் விட்டுவைக்காது என்ற பொருளில் ரோமானியக் கவி ஓவிட் எழுதிய வாசகம் கல்லொன்றில் பொறித்ததுபோல் தீட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவு அழிவுக்கும் நடுவே, படத்தின் முன்பக்கத்தில், ஒரு சிறு மனிதர் குனிந்து வேலை பார்க்கிறார். பிரம்மாண்டமான தூண் ஒன்றின் அடிப்பகுதியை அளந்துகொண்டிருக்கிறார். காலத்தைப் பற்றிய கவலை அவரிடம் தெரியவில்லை. அளவு சரியாக வர வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

இந்தச் சொற்பொழிவு அவரைப் பற்றியது. அவரைப்போல் நானூறு ஆண்டு நிலக்காட்சி ஓவியங்களில் தூணடியிலும் கமான் நிழலிலும் நிற்கிற, உட்கார்ந்திருக்கிற, மாடு மேய்க்கிற, துணி உலர்த்துகிற மனிதர்களைப் பற்றியது. ஓவிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடும். வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்கள் என்று சொல்லிவிட்டுத் தூண்களைப் பற்றிப் பேசப் போய்விடும். அது நியாயமில்லை. இடிபாட்டின் அளவு, அதன் வயது, அது யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் பார்ப்பவருக்குச் சொல்வது அந்தச் சிறு மனிதர்தான். அவரை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் கல்.

முதலில் அளவு. சமதரையில் நின்று வரைகிறவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் படத்தின் அடிவானக் கோடு ஓடும். அதே தரையில் நிற்கும், ஏறத்தாழ அதே உயரமுள்ள மற்றவர்கள் பக்கத்தில் இருந்தாலும் நூறு கெஜம் தள்ளி இருந்தாலும் அவர்களுடைய கண்கள் அந்தக் கோட்டிலேயே விழும். தூரத்தில் இருப்பவரின் கால் மேலே ஏறுமே தவிர தலை கீழே இறங்காது. இந்த ஒரு விதி தெரிந்தால் எந்தக் கட்டடத்தையும் படத்திலேயே அளந்துவிடலாம். ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் முகப்புத் தூண்கள் ஒவ்வொன்றும் எகிப்திலிருந்து வந்த ஒற்றைக் கருங்கல். தண்டு மட்டும் ஏறத்தாழ 12 மீட்டர். அதனடியில் நிற்பவரின் கண்மட்டம் ஒன்றரை மீட்டர் என்றால், தரையிலிருந்து தண்டின் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு உயரத்தில் அந்தக் கோடு தூணை வெட்ட வேண்டும். ஒழுங்காக வரைந்த படத்தில் அப்படித்தான் வெட்டும்.

ஒழுங்கை மீறியும் வரையலாம். அதில் மேதை ஒருவர் இருந்தார். அவரிடம் பிறகு வருவோம்.

ரோமுக்குப் போய் இடிபாடுகளை வரைவது வட ஐரோப்பிய ஓவியர்களுக்குப் பதினாறாம் நூற்றாண்டில் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. ஹாலந்திலிருந்து மார்ட்டன் வான் ஹீம்ஸ்கெர்க் 1532இல் அங்கே போனார். நான்கைந்து ஆண்டுகள் தங்கினார். அவர் பேனாவும் மையும் கொண்டு வரைந்த தாள்கள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய புனித பீட்டர் தேவாலயம் இடிபட்டுப் புதியது எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கட்டி முடியாத புதுச் சுவரும் இடிந்து முடியாத பழஞ்சுவரும் அவருடைய தாளில் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஊர் திரும்பி வெகுகாலம் கழித்து, 1553இல், தன் உருவப்படம் ஒன்றைத் தீட்டினார். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் நடுவயதைத் தாண்டிய ஓவியரின் முகம் முன்னால் பெரிதாக நம்மைப் பார்க்கிறது. பின்னால் கொலோசியம். அதன் எதிரே கையில் தாளோடு உட்கார்ந்து வரைகிற சின்ன உருவம் ஒன்று. அது இளமைக்கால ஹீம்ஸ்கெர்க்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிறு உருவத்தால் எவ்வளவு பெரிய வேலை செய்ய முடியும் என்பதற்கு அந்தப் படம் ஒன்றே போதும். ஒரே மனிதர் இரண்டு அளவில், இரண்டு வயதில் அங்கே இருக்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளாட் லொரைன் இந்தக் கலையின் போக்கையே மாற்றினார். லொரேன் பகுதியில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை ரோமில் கழித்து, 1682இல் அங்கேயே இறந்தவர். விடியற்காலையிலும் அந்தியிலும் ரோமுக்கு வெளியே உள்ள சமவெளியில் போய் உட்கார்ந்து ஒளியைப் படித்தவர். நிலக்காட்சியைத்தான் காசுக்கு விற்கிறேன், அதிலுள்ள ஆட்களை இனாமாகத் தருகிறேன் என்று அவர் சொல்வதுண்டு என வாழ்க்கை வரலாறு எழுதிய பால்தினூச்சி குறித்திருக்கிறார். சில படங்களில் உருவங்களை வேறு ஓவியர்கள் தீட்டிக் கொடுத்ததும் உண்டு. இதை வைத்துக்கொண்டு கிளாடுக்கு ஆட்கள் முக்கியமில்லை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவருடைய கோட்டோவியங்களைப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. தன் பெயரில் போலிப் படங்கள் வருவதைக் கண்டு, தீட்டி விற்ற ஏறத்தாழ ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நகலைக் கிளாட் ஒரே ஏட்டில் வரைந்து வைத்துக்கொண்டார். 1630களின் நடுவில் தொடங்கி இறுதிவரை வரைந்த ஏறத்தாழ 200 தாள்கள் அவை. நீலத் தாளும் வெள்ளைத் தாளும் மாறி மாறி வரும். பழுப்பு மையும் நீர்த்த சாயப் பூச்சும் கொண்ட படங்கள். பின்பக்கத்தில் வாங்கியவரின் பெயர். 'லிபெர் வெரிதாதிஸ்' என்று பெயர்பெற்ற அந்த ஏடு 1957 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வண்ணம் போய்விட்ட அந்த நகல்களிலும் ஆட்கள் தவறாமல் இருக்கிறார்கள். இலைகளைச் சாயத்தின் ஒரே வீச்சில் முடித்துவிட்ட கை, ஆடு மேய்ப்பவரின் தோளைப் பேனாவால் பொறுமையாக வளைத்திருக்கிறது. இனாமாகக் கொடுக்கிற பொருளுக்கு யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

கிளாட் கடைசியாகத் தீட்டிய படம் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வர்ஜிலின் காவியத்தில் வரும் நிகழ்ச்சி: இளவரசன் அஸ்கானியஸ் ஒரு மானைக் குறிபார்க்கிறான். அது சில்வியா என்ற பெண் செல்லமாக வளர்த்த மான் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த அம்பு பாய்ந்தால் போர் மூளும். இடப்பக்கம் அவன் வில்லை வளைத்து நிற்கிறான். வலப்பக்கம் மான் தலையைத் திருப்பி அவனைப் பார்க்கிறது. நடுவில் நீரும் மரமும் ஒளியும். மேலே சிதைந்த கோயிலின் தூண்கள். வேட்டைக்காரர்கள் இயற்கைக்கு மீறி ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருக்கிறார்கள். கிழவரின் கை தளர்ந்துவிட்டது என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. தூண்களின் நெடுமையும் அவர்களுடைய நெடுமையும் ஒரே சந்தத்தில் அமைந்திருப்பதை அந்தக் குறை கவனிக்கவில்லை. அம்பு இன்னும் விடப்படவில்லை, இடிபாடோ ஏற்கெனவே இடிந்துவிட்டது. போருக்கு முந்தைய நொடியும் போர்களுக்கெல்லாம் பிந்தைய காலமும் ஒரே துணியில் நிற்கின்றன. விரல் நீள உருவங்கள் இல்லாமல் இது நடக்காது.

பண்டை ரோமின் பொதுத்திடலான மன்றவெளி, கிளாட் வரைந்த காலத்தில், இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடம்போல் இருக்கவில்லை. அதன் அன்றைய பெயர் 'காம்போ வாச்சீனோ', அதாவது மாட்டுத் திடல். சந்தை கூடும், வண்டிகள் நிற்கும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணும் குப்பையும் தரையைப் பல அடி உயர்த்திவிட்டிருந்தன. செப்டிமியஸ் செவரஸ் வெற்றி வளைவு பாதி புதைந்து கிடந்தது. வெஸ்பாசியன் கோயிலின் மூன்று தூண்களில் மேற்பகுதி மட்டும் மண்ணுக்கு மேல் தெரிந்தது. அந்தோனினஸ் கோயிலுக்குள் ஒரு தேவாலயம் இயங்கியது. பின்னாளில் மண்ணைத் தோண்டி எடுத்தபோது அந்தத் தேவாலயத்தின் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது; படி எதுவும் இல்லாமல், பழந்தரைக்கு வெகு உயரத்தில், இன்றும் அப்படியே இருக்கிறது. பழைய படங்களில் மாடுகள் எந்த மட்டத்தில் நின்றன என்பதற்கு அந்தக் கதவுதான் கண்கண்ட சாட்சி.

இங்கேதான் ஜோவானி பத்திஸ்தா பிரானேசி வருகிறார். 1720இல் வெனிஸ் பக்கத்தில் பிறந்தவர், கட்டடக்கலை பயின்றவர், ஆனால் கட்டியது மிகக் குறைவு. அத்தனை கட்டட ஆசையையும் செம்புத் தகட்டில் தீர்த்துக்கொண்டார். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு, அதைக் கீறும் ஊசி, கீறிய இடத்தை அரிக்கும் அமிலம்: கருவிகள் இவ்வளவுதான். ஒரே தகட்டை அமிலத்தில் பலமுறை இறக்குவார். தூரத்துச் சுவருக்கு இலேசான அரிப்பு போதும். பக்கத்து நிழலையும் அதில் நிற்கும் ஆளையும் ஆழமாக அரிக்க விடுவார். 'ரோமின் காட்சிகள்' என்ற வரிசையில் 135 தகடுகள். 1740களின் இறுதியில் தொடங்கி 1778இல் இறக்கும்வரை அதிலேயே உழைத்தார்.

அடிவான விதியை மீறுவதில் மேதை இவர்தான். இவருடைய மனிதர்கள் பெரும்பாலும் கண்மட்டக் கோட்டை எட்டுவதில்லை. இருக்க வேண்டிய அளவில் பாதியாகச் சுருங்கித் தரையில் சிதறிக் கிடக்கிறார்கள். பார்ப்பவரின் மனம் மனித உயரத்தை மாற்றிக்கொள்ளாது. கட்டடத்தின் உயரத்தைத்தான் கூட்டிக்கொள்ளும். 1756இல் வெளிவந்த 'ரோமானியத் தொல்பொருள்கள்' நூலின் நான்காம் தொகுதியில் ஹேட்ரியன் சமாதியின் அடித்தளத்தைக் காட்டும் தகடு ஒன்று இருக்கிறது. மலைபோல் எழும் கற்சுவர் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அதன் காலடியில் மனிதர்கள் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் 1787இல் ரோமுக்குப் போனபோது, பிரானேசியின் அச்சுப்படங்களைப் பார்த்து மனத்தில் வளர்த்திருந்த பிரம்மாண்டம் நேரில் இல்லையே என்று ஏமாந்தார்.

இந்தத் தந்திரத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் பிரானேசியின் மதிப்பு குறையவில்லை என்பதுதான் அதிசயம். காரணம், அவருடைய ஆட்கள் வெறும் அளவுகோல்கள் அல்லர். மற்ற மாணவர்கள் கிரேக்கச் சிலைகளைப் பார்த்து உடலமைப்பு பயின்றபோது இவர் ரோம் தெருக்களின் முடவர்களையும் கூனர்களையும் தேடிப்போய் வரைந்தார் என்று பியான்கோனி என்ற சமகாலத்தவர் குறையாக எழுதினார். அது பாராட்டாக இருந்திருக்க வேண்டும். கந்தல் சுற்றிய அந்த மெலிந்த உருவங்கள் கையை வீசிப் பேசுகின்றன, வாதாடுகின்றன, இடிந்த சுவரை எவருக்கோ சுட்டிக்காட்டுகின்றன. பழைய அச்சுத் தாள்களின் பின்பக்கத்தில்கூட நாலைந்து கோடுகளில் ஓர் ஆளை நிறுத்திப் பழகியிருக்கிறார். சாவதற்கு முந்தைய மாதங்களில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள பேஸ்தம் என்ற ஊருக்குப் போய்ப் பழங்கிரேக்கக் கோயில்களைப் பெரிய தாள்களில் வரைந்தார். அவற்றில் 15 தாள்கள் லண்டனில் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கனத்த தூண்களுக்கு நடுவே அங்கே மாடுகள் படுத்திருக்கின்றன. மேய்ப்பவர்கள் கல்லில் சாய்ந்திருக்கிறார்கள். சண்டையெல்லாம் அடங்கிவிட்ட தொனி. பிரானேசியின் எல்லா வேலைகளிலும் இவையே உயர்ந்தவை.

அவரோடு ரோமில் பழகிய இளைஞர் ஒருவர் இருந்தார்: பிரெஞ்சுக்காரர் யூபேர் ரொபேர். 1754இல் ரோமுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் தங்கியவர். தாளில் இவ்வளவு கொஞ்சமாகக் குறித்துக்கொண்டு போகிறீர்களே என்று ரொபேர் வியந்தபோது, முழுப் படத்தையும் தாளிலேயே முடித்துவிட்டால் தகடு அதன் நகலாகிவிடாதா என்று பிரானேசி திருப்பிக் கேட்டதாக பிரானேசியைப் பற்றி லெக்ராந் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. ரொபேரின் வழி வேறு. சிவப்புச் சாக்கட்டி அவருக்குப் பிடித்த கருவி. ரோமின் வெயிலும் செங்கலும் அந்தச் சிவப்பில் தானாக வந்துவிடும். பிரானேசியின் இடிபாட்டில் மனிதர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால், ரொபேரின் இடிபாட்டில் குடியிருக்கிறார்கள். சீசர்களின் சிலைக்கும் தூணுக்கும் இடையே கொடி கட்டித் துணி காய்கிறது. வைக்கோல் குவிந்திருக்கிறது. கல்சவப்பெட்டி தொட்டியாகிவிட்டது, பெண்கள் அதில் துவைக்கிறார்கள்.

பாரிஸில் 1767ஆம் ஆண்டுக் கண்காட்சியில் இவற்றைப் பார்த்த அறிஞர் தீதரோ மனமுருகி எழுதினார். கூடவே ஒரு கண்டனமும் வைத்தார். ஆட்கள் அதிகம், முக்கால்வாசிப் பேரை எடுத்துவிட வேண்டும், தனிமையைக் கூட்டுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. இடிபாட்டில் சிந்தனையாளர் ஒருவர் கைகட்டித் தனியே நடந்தால் போதும். துணி துவைக்கிறவருக்கு அங்கே என்ன வேலை? தீதரோ பெரிய மனிதர்தான். ஆனாலும் இந்த வழக்கில் ரொபேர் பக்கம்தான் நியாயம். தனியே நடக்கும் சிந்தனையாளருக்கு இடிபாடு கண்ணாடிபோல் தன் துயரத்தையே காட்டும். துணி துவைப்பவருக்கு அது நிழலும் தண்ணீரும் உள்ள இடம். பேரரசு போனதற்கு அவர் அழவில்லை. கட்டடம் இன்னும் ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற உண்மையை அந்தக் கொடித் துணி சொல்கிறது.

ரொபேர் பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைக்குப் போய், உயிரோடு மீண்டு, லூவ்ர் அரண்மனை பொது அருங்காட்சியகமானபோது அதன் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தார். 1796இல் அதே லூவ்ரின் பெருங்கூடம் எதிர்காலத்தில் இடிந்து கிடப்பதாக ஒரு படம் தீட்டினார். கூரை பிளந்து வானம் தெரிகிறது. மிக்கலாஞ்சலோவின் அடிமைச் சிலை தரையில் கிடக்கிறது. கிரேக்க அப்போலோ சிலை மட்டும் நிற்கிறது. அதன் அருகே எளியவர்கள் தீ மூட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்து அந்தச் சிலையைத் தாளில் வரைந்துகொண்டிருக்கிறார். போஸ்துமுஸ் காட்டிய அளவெடுக்கும் மனிதரின் பேரன் என்றே அவரைச் சொல்லலாம். தான் அன்றாடம் வேலை பார்த்த கட்டடத்தையே இடித்துப் பார்த்த ஓவியர், அதிலும் ஆட்களை விடவில்லை.

இங்கிலாந்தில் இதே காலத்தில் நிலக்காட்சி வரைவது படித்தவர்களின் பொழுதுபோக்காகி, விதிகள் பிறந்தன. அவற்றை வகுத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். அறத்தின் கண்ணோட்டத்தில் உழைக்கும் தொழிலாளியே உயர்ந்தவர், ஆனால் படத்துக்குச் சும்மா திரியும் குடியானவரே அழகு என்பது அவர் கொள்கை. வை ஆற்றங்கரையில் உள்ள டின்டர்ன் மடத்தின் இடிந்த சுவர்கள் மிகவும் ஒழுங்காக இருக்கின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் அழகு கூடும் என்றும் எழுதினார். கல்லையும் ஆளையும் கண்ணுக்கு ஏற்றபடி திருத்தலாம் என்ற இந்த எண்ணம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது.

தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே குமரிவரை போய்த் திரும்பினார்கள். மதுரை, தஞ்சை, திருச்சி எல்லாம் அவர்களுடைய தாளில் ஏறின. காட்சியைக் கண்ணாடி வழியே தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டிக் கருவியைத் துணைக்கு வைத்துக்கொண்டதால் கட்டடங்களின் கோடு துல்லியமாக வந்தது. லண்டன் திரும்பி 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சுப்படங்கள் வெளியிட்டார்கள். திருமலை நாயக்கர் அரண்மனையின் சிதிலமும் மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபமும் அவற்றில் உண்டு. அரண்மனை உண்மையிலேயே இடிந்து கிடந்தது. 1636இல் எழுந்த மாளிகையின் பெரும்பகுதியை நாயக்கரின் பேரன் காலத்திலேயே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழிச் செய்தி. கோயிலும் மண்டபமும் அப்படியல்ல. அங்கே விளக்கு எரிந்தது, வசந்த விழா நடந்தது. இரண்டையும் ஒரே பழுப்பு நிழலில், ஒரே அந்தி ஒளியில் பார்த்த லண்டன் வாசகருக்கு எது பாழ், எது வழிபாட்டில் இருப்பது என்று பிரித்தறிவது கடினம். டேனியல்களின் உழைப்பு பெரிது. அவர்கள் வரைந்து தராவிட்டால் அந்தக் காலத்து மதுரையின் உருவம் நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைத்திராது. ஆனால் ரோமுக்காக உண்டான கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் மதுரையைப் பார்த்தார்கள்.

பிறகு புகைப்படம் வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக் காட்சிகளை வெளியிட்டார். காகித நெகட்டிவில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். நடமாடுகிறவர்கள் அதில் தங்க மாட்டார்கள். கூர்மையான தூண்கள், ஒவ்வொரு கல்லின் மூலையும் தெரியும் மண்டபங்கள், பெரும்பாலும் ஆளில்லாத வெளி. தீதரோ கேட்ட தனிமையை ஒரு வகையில் புகைப்படப் பெட்டி கொடுத்துவிட்டது.

தொல்லியலும் அதையே செய்தது. ரோம் மன்றவெளியில் 1803 முதல் மண்ணை அள்ளத் தொடங்கியபின் மாடுகள் போயின, சந்தை போனது. கொலோசியத்துக்குள் வளர்ந்திருந்த 420 வகைச் செடிகொடிகளை ரிச்சர்ட் டீக்கின் என்ற மருத்துவர் 1855இல் நூலாகப் பட்டியலிட்டார். 1870களில் அவை பிடுங்கப்பட்டன. அரங்கின் நடுவே மக்கள் முழங்காலிட்டு வழிபட்ட சிலுவைப் பாதைப் பீடங்களும் அகற்றப்பட்டன. கட்டடத்துக்கு அது நல்லதுதான். வேர் கல்லைப் பிளக்கும். ஆனால் ஆயிரம் ஆண்டு அந்தக் கற்களோடு வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இன்று கிளாடின் ஏடும் பிரானேசியின் தகடும் ரொபேரின் சிவப்புச் சாக்கட்டியும்தான் ஆதாரம்.

மதுரைப் புதுமண்டபத்துக்கும் இது பொருந்தும். நாயக்கர் சிலைகள் நிற்கும் தூண்களுக்கு இடையே அண்மைக்காலம் வரை தையல் இயந்திரங்கள் ஓடின. புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. யாளியின் காலில் துணி மூட்டை சாய்ந்திருக்கும். மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற நியாயமான காரணத்துக்காகக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. கடைகள் இருந்த நாளில் அங்கே உட்கார்ந்து வரைந்த ஓவிய மாணவர்களும் தெருவில் நின்று வரைகிற ஆர்வலர்களும் இருப்பார்கள். தூணைச் சரியாக வரைந்துவிட்டு, குனிந்து தைத்துக்கொண்டிருந்தவரை ஓரத்தில் நாலு கோட்டில் போட்டிருப்பார்கள். வீட்டில் கிடக்கும் அந்தத் தாள்களைத் தேடி எடுத்து, தேதியும் இடமும் எழுதி, ஏதாவது ஒரு நூலகத்தில் சேர்க்க வேண்டும். தையல்காரரின் பெயர் நினைவிருந்தால், அவர் சம்மதித்தால், அதையும் தாளின் பின்பக்கத்தில் எழுதலாம். கிளாட் தன் ஏட்டில் வாங்கியவர்களின் பெயரைத்தான் எழுதினார், வரையப்பட்டவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.